கொழுந்துக் கூடையும் புத்தகப் பையும்

ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியும் மலையகத்துப் பிள்ளைகளின் படிப்பும்

1892-ம் ஆண்டில் இலங்கையில் இரண்டு பள்ளிகள் பிறந்தன. ஒன்று கொழும்பு மருதானையில் பிறந்தது. அறிஞர் சித்திலெப்பை அவர்களும் வாப்பிச்சி மரிக்கார் அவர்களும் முன்னின்று, எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒராபி பாஷாவின் ஆதரவோடு தொடங்கிய அந்த மத்ரஸாவே ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் கதையை நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது பள்ளி, கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, குளிரும் மூடுபனியும் சூழ்ந்த ஹட்டனில் பிறந்தது. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய சிறு பள்ளி அது. இன்று ஹைலண்ட்ஸ் கல்லூரி என்ற பெயரில், அரசாங்கப் பாடசாலையாக, தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் கற்பிப்பதில் மலையகத்தின் முன்னணிப் பாடசாலைகளுள் ஒன்றாக நிற்கிறது. இதன் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டும் ஒரே வயதுப் பள்ளிகள். ஆனால் வளர்ந்த விதம் வேறு. ஸாஹிராவுக்குப் பின்னால் ஒரு சமுதாயம் இருந்தது. காணி கொடுக்கவும், பணம் திரட்டவும், பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஹட்டனைச் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பும் உரிமை அவர்களைப் பெற்றவர்களிடம்கூட முழுமையாக இருக்கவில்லை. ஆதலால் இந்தப் பள்ளியின் பெறுபேற்றைப் பற்றிப் பேசுவதென்றால், அந்தப் பிள்ளைகள் அதன் வாசலுக்கு வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு முடிந்த படிப்பு

1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியை அடுத்த லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன் மலைநாடெங்கும் கோப்பிதான். கோப்பியை நோய் தின்று தீர்த்த பின் தேயிலை பரவியது. 1885-ல் ரயில் பாதை ஹட்டனைக் கடந்து நானுஓயா வரை போய்ச் சேர்ந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த குடும்பங்கள் லயன்களில் குடியேற்றப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம். சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் அதற்குள்ளேதான்.

கோப்பிக் காலத்தில் ஆண்கள் வந்து அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பி விடுவார்கள். தேயிலைக்கோ வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகளும் உண்டல்லவா? இப்படித்தான் மலையில் பள்ளிக்கூடம் என்ற கேள்வியே எழுந்தது.

தோட்டத்துரைமாருக்குப் பள்ளிக்கூடம் ஒரு சுமை. படித்தவன் மண்வெட்டி பிடிக்க மாட்டான் என்ற அச்சம் வேறு. 1920-ம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்தில் உள்ள 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் துரைமாரின் கடமையாக்கியது. கடமையைத் துரைமார் எப்படி நிறைவேற்றினார்கள்? ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், அவருக்கு முன்னால் நாலைந்து வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக. பல தோட்டங்களில் அந்த வாத்தியார் தோட்டத்து எழுத்து வேலைகளையும் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளை ஓரளவு உயரமானதும் கையில் கூடையோ முள்ளுக்குத்தியோ வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் நகரத்துப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

ஹட்டன் போன்ற நகரங்களின் மிஷன் பள்ளிகளில் அன்று பெரும்பாலும் யார் படித்தார்கள்? கணக்கப்பிள்ளையின் மகன், கங்காணியின் மகன், கிளாக்கரின் மகன், கடைக்காரரின் மகன். மிஷனரிமாரின் தொண்டை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லயத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பள்ளிக்கும் இடையில் இருந்தது மலைப்பாதை மட்டுமல்ல.

வாக்கும் இல்லை, வேலையும் இல்லை

1945-ல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஏழை விவசாயியின் மகன் டாக்டரானான். 1947-ல் தோட்டப் பாடசாலைகளை அரசின் பொறுப்பாக்கச் சட்டமும் வந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவிட்டது.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1948-ம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவனுக்கு வாக்கு இல்லை, அரசாங்க உத்தியோகமும் இல்லை. பிள்ளை படித்துப் பாஸாகி என்ன செய்யப் போகிறது என்று தாய் தகப்பன் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வாத்தியாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. படிப்பில் அக்கறை இல்லாத சமூகம் என்று அவர்களைக் குறை சொன்னவர்கள் இதை மறந்துவிட்டார்கள். படிப்பின் பலனைச் சட்டமே பறித்துவிட்ட இடத்தில் அக்கறை எங்கிருந்து வரும்?

1960, 1961-ம் ஆண்டுகளில், பதியுத்தீன் மஹ்மூத் அவர்கள் கல்வி அமைச்சராக இருந்தபோது, உதவி நன்கொடை பெற்று வந்த மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகள் மட்டும் வெளியே விடப்பட்டன. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று மனிதர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டார்கள். மறுவருடம் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத வீட்டில் பிள்ளையின் படிப்பு எப்படி நடக்கும்? தலைமன்னாரில் கப்பலேறிப் போன குடும்பங்கள் பல நீலகிரியில் மறுபடியும் தேயிலைச் செடிக்கே போய்ச் சேர்ந்தன.

நாடற்றோர் பிரச்சினை 1988-ம் ஆண்டுச் சட்டத்தாலும், இறுதியாக 2003-ம் ஆண்டுச் சட்டத்தாலுமே தீர்ந்தது. 55 வருடங்கள்! இரண்டு தலைமுறைகளின் படிப்பை இந்த இடைவெளி விழுங்கிவிட்டது.

வாசல் திறந்த காலம்

1972-லும் 1975-லும் தோட்டங்கள் தேசிய உடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு முதன்முறையாக அரசாங்கத்தின் பெயர்ப்பலகை வந்தது. 1980-ல் இலவசப் பாடநூல்கள், 1993-ல் இலவசச் சீருடைத் துணி. இவை எல்லாம் நகரத்துப் பிள்ளைக்குச் சலுகை. லயத்துப் பிள்ளைக்கோ பள்ளிக்குப் போவதா இல்லையா என்பதையே தீர்மானித்தவை.

1980-களின் நடுப்பகுதி முதல் ஸ்வீடன் நாட்டின் 'சீடா' நிறுவனம் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டிடமும் பயிற்சியும் தந்தது. ஜெர்மன் நாட்டு உதவியோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. மலையகத்திலேயே ஆசிரியர்களைப் பயிற்றி மலையகத்துக்கே அனுப்புவது அதன் நோக்கம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த ஆசிரியர்கள் தந்த தொண்டு பெரிது. ஆனால் மாற்றம் கிடைத்ததும் அவர்கள் ஊர் போய்விடுவார்கள். மலையில் பிறந்த ஆசிரியை மலையிலேயே தங்குவாள். லயத்தில் பிறந்து படித்து வந்த ஒருத்தி கரும்பலகைக்கு முன் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு வேறு புத்திமதி தேவையில்லை.

ஆரம்பப் பள்ளிகள் பெருகியதும், அங்கிருந்து வெளிவரும் பிள்ளைகள் நகரத்துக் கல்லூரிகளின் வாசலை நிறைத்தார்கள். கணக்கப்பிள்ளைமாரின் மக்களுக்காக இருந்த வகுப்பறைகளில் கொழுந்து பறிப்பவரின் மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஹைலண்ட்ஸ் கல்லூரியின் உண்மையான சாதனையை இங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

இங்கே படிப்பவர்கள் யார்?

2012-ம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் மொத்த மக்கள் ஏறத்தாழ 7,11,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வம்சாவளித் தமிழர்கள். சிங்களவர் நூற்றுக்கு 40 பேர் அளவில். முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர். இலங்கையில் மலையகத் தமிழர் பாதிக்கு மேல் வாழும் ஒரே மாவட்டம் இது.

ஹட்டன் நகரின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு வரும் பிள்ளைகள் நகரத்தில் மட்டும் பிறந்தவர்கள் அல்ல. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை என்று நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பஸ்ஸிலும் கால்நடையாகவும் வருகிறார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு. நகரத்தில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு.

நம் குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மலையகச் சிறு நகரங்களில் சில்லறைக் கடை, துணிக்கடை, இறைச்சிக்கடை வைத்து மூன்று நான்கு தலைமுறையாக வாழும் முஸ்லிம்கள் பலர். தோட்டத்து மக்களோடு அவர்களுக்குக் கடன் கொப்பி அளவிலான உறவு உண்டு. சம்பளத்துக்குச் சம்பளம் கணக்குத் தீரும், நல்லது கெட்டதற்குப் போய் வருவார்கள். உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் முஸ்லிம் பாடசாலை பக்கத்தில் இல்லாத ஊர்களில் நம் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பாடசாலையே கதி. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளையோ நோன்பு வைத்துக்கொண்டே வகுப்புக்குப் போகிறது. லயத்துப் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒரே பரீட்சையை எழுதுகிறார்கள். ஆகவே இந்தப் பாடசாலைகள் உயர்ந்தால் நம் பிள்ளைகளும் உயர்வார்கள்.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. இன்று இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைகிறவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். மலையகத்திலும் உயர்தர வகுப்புகளை நிரப்புகிறவர்களில் பெண் பிள்ளைகள் முன்னே நிற்கிறார்கள். ஆண் பிள்ளைகள் இடைநடுவில் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுவது இதற்கு ஒரு காரணம். இதையும் மகிழ்ச்சியோடு மட்டும் பார்த்துவிட முடியாது.

பெறுபேற்றை எப்படிப் பார்ப்பது?

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நாம் என்ன கேட்கிறோம்? "எத்தனை பேர் பாஸ்? எத்தனை பேர் மெடிசின்?" இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் போதுமானவை அல்ல.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பாடசாலையில் 20 பேர் உயர்தரப் பரீட்சை எழுதி 18 பேர் சித்தியடைகிறார்கள். நூற்றுக்கு 90. இன்னொரு பாடசாலையில் 120 பேர் எழுதி 84 பேர் சித்தியடைகிறார்கள். நூற்றுக்கு 70. பத்திரிகையில் முதலாவது பாடசாலையே பெரிதாகத் தெரியும். ஆனால் முதலாவது பாடசாலை கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால்? இரண்டாவது பாடசாலை கதவைத் தட்டிய எல்லோரையும் சேர்த்துக்கொண்டிருந்தால்? எந்தப் பாடசாலை சமூகத்துக்கு அதிகம் கொடுத்தது?

மலையகத்தில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையானது. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே நெடுங்காலம் இருந்தன. காரணம் ஆய்வுகூடம் இல்லாததும், பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் கற்பிக்கப் பட்டதாரி ஆசிரியர்கள் இல்லாததுமே. ஆதலால் பல தோட்டங்களின் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஹட்டன், நுவரெலியா நகரங்களின் ஒருசில கல்லூரிகளில் வந்து குவிகிறார்கள். அந்தக் கல்லூரிகளின் பெறுபேறு ஒளிவிடுகிறது. மற்ற பாடசாலைகளில் மீதிப் பிள்ளைகள், கலைப்பிரிவைத் தவிர வேறு தெரிவு இல்லாமல் நிற்கிறார்கள். ஒரு விளக்கு நன்றாக எரிவது மகிழ்ச்சிதான். தெருவெல்லாம் இருட்டாக இருப்பதை அது மறைத்துவிடக் கூடாது.

2015-ம் ஆண்டில் தோட்டப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் மலையக இளைஞர், யுவதிகள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. பஸ் செலவுக்கே போதாத அந்தத் தொகையோடு மலையேறி இறங்கியவர்கள்தாம் இன்றைய பெறுபேற்றுக்கு அடித்தளம் போட்டவர்கள். கல்லூரியின் பெயர் பத்திரிகையில் வரும்போது, அந்தப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த தோட்டப் பள்ளிக்கூடத்தின் பெயர் வருவதில்லை.

40 - 55 - 5

பல்கலைக்கழக அனுமதி நம் வீடுகளில் அடிக்கடி பேசப்படும் விஷயம். அதன் கணக்கைத் தாய்மார் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு மொத்த இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. மீதி 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகத் தரப்படுகிறது. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே வைத்தியபீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி ஒன்றாகவும் நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி அதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

மாவட்ட முறை 1970-களின் முதற்பாதியில், பதியுத்தீன் மஹ்மூத் அவர்கள் இரண்டாம் முறை கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. கம்பளையில் ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர், மலைநாட்டை அறிந்தவர். தரப்படுத்தல் என்ற பெயரில் அன்று நடந்தவை யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்களின் நெஞ்சில் ஆறாத காயத்தை உண்டாக்கின. நாட்டின் பின்னைய துயரங்களுக்கு அதுவும் ஒரு விதையாயிற்று. அதேவேளை, பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அந்த மாவட்ட முறையே ஒரு வாசலானது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நியாயமாகாது.

ஆனால் அந்த வாசலிலும் நெருக்கடி உண்டு. மாவட்டப் பங்கு மாவட்டத்துக்குத்தான் தரப்படுகிறது, தோட்டத்துப் பிள்ளைக்கென்று தனியாக இல்லை. நல்ல டியூஷனும் நல்ல ஆய்வுகூடமும் கிடைத்த நகரத்துப் பிள்ளையும், லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வளர்ந்த பிள்ளையும் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கே பதிந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் பல வருடங்களாக எழுந்து வருகிறது. தன் பிள்ளைக்கு ஓரிடம் தேடும் பெற்றோர் இதைச் சாமர்த்தியம் என்று எண்ணலாம். அந்த ஓரிடம் யாருடைய ஓரிடம் என்று அவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாயின் கணக்கு

ஒரு பிள்ளை உயர்தரம் வரை வருவதற்கு எவ்வளவு செலவாகும்? இலவசக் கல்வி என்கிறோம். பாடநூல் இலவசம், சீருடை இலவசம். பஸ் கட்டணம், கொப்பி, சப்பாத்து, டியூஷன், பகல் சாப்பாடு இவை இலவசமல்ல. தூரத்துத் தோட்டத்துப் பிள்ளையானால் நகரத்தில் அறை வாடகை வேறு.

2021-ல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நெடுநாள் போராட்டத்தின் பலன் அது. 2024 செப்டம்பரில் அது 1,350 ரூபாவானது. அந்த 1,350 ரூபாவை வைத்தே கணக்குப் போடுவோம். மாதத்தில் 20 நாள் பேர் விழுந்தால் 27,000 ரூபா. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழித்தால் கைக்கு வருவது 24,840 ரூபா. மற்றக் கழிவுகள் இன்னும் உண்டு. சொன்ன கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான். அட்டைக்கடியும் குளவிக் கொட்டும் மழையும் கணக்கில் சேராது. இந்தப் பணத்தில்தான் அரிசி, மா, மருந்து, கலியாணம், மரணம் எல்லாம். பிள்ளையின் உயர்தர டியூஷனும் இதற்குள்தான்.

கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். விடிவதற்கு முன் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளையை அனுப்பிவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். நெடுங்காலம் அவர்களுடைய சம்பளத்தைக்கூடக் கணவனோ தகப்பனோதான் போய் வாங்குவது வழக்கம். உழைத்தவளின் கைக்கு அது வருமுன் சாராயக்கடை அதில் பங்கு கேட்டது. தன் சம்பளம் தன் கைக்கு வந்த தாய் முதலில் எதற்குச் செலவழிக்கிறாள் என்று தோட்டத்து ஆசிரியைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஹட்டன் கல்லூரிகளின் பெறுபேற்றுப் பலகையில் இருக்கும் பெயர்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட தாய்மாரின் கைவிரல்கள் இருக்கின்றன. தேயிலைக் கறை ஏறிய விரல்கள்.

நம் வீட்டுச் சமையலறையில்

சகோதரிகளே, இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கசப்பானது.

பாடசாலையை விட்டு விலகும் மலையகத்துப் பெண் பிள்ளை எங்கே போகிறாள்? சிலர் மலைக்கே திரும்புகிறார்கள். சிலர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். இன்னும் சிலர் தரகர் மூலம் கொழும்பு, கண்டி வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த வீடுகளில் எல்லாச் சமூகத்தாரின் வீடுகளும் அடக்கம். நம்முடையவையும் அடக்கம்.

2021 ஜூலை மாதத்தில், நுவரெலியா மாவட்டம் டயகமைத் தோட்டத்திலிருந்து கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் உயிரிழந்தாள். நாடே அதிர்ந்தது. மலையகத் தோட்டங்களில் தாய்மார் தெருவில் இறங்கினார்கள். அவள் படித்துக்கொண்டிருக்க வேண்டிய வயது அது. இலங்கையில் 1998 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி. 2016-ல் அது 16 வயது வரை உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021-ல் 16 ஆக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது. சட்டம் நம் சமையலறைக்குள் வந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

"நாங்கள் வைத்து வளர்க்கிறோம், சோறு போடுகிறோம், கலியாணம் செய்து வைப்போம்" என்று சொல்வோர் உண்டு. நல்ல மனத்தோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் நம் மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்க, அவள் வயதுப் பிள்ளையொன்று அவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து நிற்பது எந்த விதத்தில் வளர்ப்பு? அந்தத் தேநீரின் கொழுந்தைப் பறித்தவள் அவள் தாயாக இருக்கலாம்.

நாம் செய்யக் கூடியவை

சித்திலெப்பை அவர்கள் ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததோடு நிற்கவில்லை. கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார். அவருடைய சகோதரியே அங்கே கற்பித்தார். பெண் படித்தால் வீடு கெட்டுவிடும் என்று பேசப்பட்ட காலம் அது. பின்னாளில் ஸாஹிராவின் அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945-ல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கையில் பணமில்லாத காரணத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்த நிதியால் படித்து உயர்ந்தவர்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். பின்தங்கிய ஒரு சமுதாயம் எப்படி எழுந்தது என்பதை நாம் வேறெங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கதையே அது. அதே வழியைப் பக்கத்து வீட்டாருக்கும் காட்டுவது நமக்குப் பெரிய பாரமல்ல.

மலையக நகரங்களில் வாழும் நம் சகோதரிகள் செய்யக் கூடியவை பல. உயர்தரம் படிக்க வரும் தோட்டத்துப் பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பான அறை கிடைப்பது கஷ்டம். மேல் வீட்டில் ஓர் அறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். பிள்ளை பரீட்சை முடித்ததும் வழிகாட்டிப் புத்தகங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் பழைய கடதாசிக் கடைக்குப் போடாமல், அவற்றைப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்பலாம். ஒரு பிள்ளையின் பஸ் கட்டணத்தை இரண்டு வருடங்களுக்கு ஏற்றுக்கொள்ளலாம். கணிதம் படித்த பெண்கள் எத்தனையோ பேர் கலியாணத்துக்குப் பின் வீட்டில் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு பின்னேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது தருமமும் ஆகும், படித்த படிப்பும் துருப்பிடிக்காது.

நம் சொந்தப் பிள்ளைகளின் விஷயத்திலும் கவனம் வேண்டும். சாதாரண தரத்தோடு மகளை நிறுத்திவிடும் வழக்கம் நம் சிறு நகரங்களில் இன்னும் மறையவில்லை. "தூரம்", "கலவன் பாடசாலை", "பொம்பிளைப் பிள்ளைக்கு இது போதும்" என்று காரணங்கள் வரிசையாக வரும். தூரமும் பாதுகாப்பும் உண்மையான கவலைகள்தான். அவற்றுக்கு வழி தேட வேண்டும். நாலு பெற்றோர் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பது, பாடசாலை அதிபரோடு மனம்விட்டுப் பேசுவது போன்ற வழிகள் இருக்கின்றன. மூன்றாவது காரணத்துக்கு மட்டும் நாம் இடம் கொடுக்கக் கூடாது. பத்து மைல் மலைப்பாதை கடந்து மகளை உயர்தரத்துக்கு அனுப்பும் கொழுந்துக்காரத் தாய்க்கு இல்லாத வசதி நமக்கு என்ன குறைந்துவிட்டது?

பிள்ளையைச் சேர்க்கப் பாடசாலை தேடும்போது நாலு கேள்விகளைக் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பதினோராம் வகுப்பு வரை வந்தார்கள்? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள்? பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான மலசலகூடமும் தண்ணீரும் உண்டா? இந்த நாலுக்கும் நல்ல பதில் தரும் பாடசாலையே நல்ல பாடசாலை. பத்திரிகையில் அதன் படம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

2023-ம் ஆண்டில் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தன. அதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த தலைமன்னார் - மாத்தளைப் பாதையில் மக்கள் மீண்டும் நடந்தார்கள். காணியும் வீடும் இன்னும் பெரும்பாலோருக்குச் சொந்தமாகவில்லை. ஆனால் படிப்பு மட்டும் ஒருமுறை வந்துவிட்டால் அதைத் துரையும் பறிக்க முடியாது, சட்டமும் பறிக்க முடியாது. ஹட்டனில் நூற்றுமுப்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கும் அந்தப் பாடசாலையின் வகுப்பறைகளில் இன்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுக்கு அடுத்து வரக் காத்திருக்கும் பிள்ளைகள் லயங்களில் இருக்கிறார்கள். ஒருசிலர் நம் வீடுகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்புவது நம் கையில் இருக்கிறது.